கோட்டைக்கு ஒரு மரச்சுவர்

"இது சுவரா? பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு. மறுபடி பண்ணு."

கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் கம்பெனி அது. பழங்காலக் கோட்டையைச் சுற்றி நிற்கும் மரச்சுவரைத் திரையில் உருவாக்குவது அவள் வேலை. நுனி சீவிய மரங்கள், இறுக்கிக் கட்டிய கயிறு, காவலாளி நிற்க ஒரு பரண். எல்லாம் முடித்து அனுப்பினால் டீம் லீடர் இப்படித்தான் திருப்பி அனுப்புவார். ஆபீஸில் அவருக்கு சிடுமூஞ்சி என்றே பெயர்.

முதலில் கயிறு தடிமனாம். அடுத்தது, சுவர் ரொம்ப கனமாம், கேம் திணறுமாம். இளைக்க வைத்தாள். இப்போது மரம் புதுசாகத் தெரிகிறதாம், பாசி பிடித்திருக்க வேண்டுமாம்.

"என்ன கொழுப்பு பாரு அந்த ஆளுக்கு!" என்றாள் பக்கத்து சீட் அக்கா. அவள் வேறு டீம். "நான் பண்ணின கோட்டைக் கதவை எங்க லீடர் ஒரே தடவையில ஓகே பண்ணிட்டாரு. உன்னைப் போட்டு இப்படி வறுத்தெடுக்கறாரே!"

இவள் மறுபடி சுவர் வேலையில் குனிந்தாள். ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. கணவன் கடையை இழுத்து மூடியாகிவிட்டது. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடி அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அக்காவும் போனாள். திரும்பி வந்தவள், தண்ணீர் பாட்டிலையும் மகன் போட்டோவையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உங்களையா? உங்க வேலையில ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லையே!"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அப்படியானால் தன் கதி? நேரே சிடுமூஞ்சியிடம் போய் நின்றாள்.

"அடுத்து நான்தானே சார்? சுத்தி வளைக்காம சொல்லிடுங்க."

அவர் எதிரே திரையில் கேம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு திணறலும் இல்லாமல். கோட்டையைச் சுற்றி மரச்சுவர் ஜம்மென்று நின்றது. தடிமனான கயிறு, பாசியில்லாத மரம்.

"சார், இது நான் முதல்ல அனுப்பினது!"

"ஆமா. அன்னிக்கே வச்சாச்சு. நல்லா வந்திருக்கு."

"அப்புறம் எதுக்கு சார் என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

அவர் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கையில இருந்த வேலையை முடிச்சவங்க பேரைத்தான் மேல கேட்டாங்க. உனக்குத்தான் இன்னும் முடியலையே? போம்மா, போய்ப் பாசியைப் போடு."