ஆயிரத்தெட்டுக்கு மேல் ஒன்று

தேயிலைச் சரிவிலிருந்து ஏறிவரும் மூடுபனி எஸ்டேட் மாரியம்மன் கோயில் வாசலை விழுங்கப் பார்க்கிறது. விளக்குப் பூஜைக்கு ஆயிரத்தெட்டு அகல்களும் இருபத்தெட்டு வரிசையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் புதிதாக வாழ வந்த மலர், தன் வீட்டு அகலையும் கொண்டுவந்து ஓரத்தில் வைத்ததிலிருந்துதான் கோயில் கமிட்டித் தலைவர் திருச்செல்வத்துக்குத் தலைவலி. முப்பது வரிசையாக மாற்றினால் பத்தொன்பது மிஞ்சுகிறது. பழையபடி வைத்தால் ஒன்று. கணக்கு டீச்சர் வாசுகி படியில் உட்கார்ந்து திரி திரித்தபடியே சிரிக்கிறாள். “விடுங்கண்ணே. ஆயிரத்து ஒன்பது பகா எண். எப்படி அடுக்கினாலும் சமமா வராது. ஒரே வரிசைன்னா வரும், ரோடு வரைக்கும் போகும்.” “அப்ப ஒண்ண எடுத்துட வேண்டியதுதான்லா,” என்கிறார் அவர். மலரின் கை தன் அகலை நோக்கித் தயங்கித் தயங்கி நீள்கிறது. வாசுகி முந்திக்கொள்கிறாள். எண்ணெய் தளும்பாமல் அதை எடுத்து வாசற்படி நடுவில் வைத்து, தீப்பெட்டியை மலர் கையில் திணிக்கிறாள். “மொதல்ல இத ஏத்து. மத்ததெல்லாம் இதுலேருந்துதான் ஏத்தணும்.” திருச்செல்வம் வாய் திறப்பதற்குள் குச்சி உரசுகிறது. பனிக்குள் ஒற்றைச் சுடர் நிமிர்ந்து நிற்கிறது. ஆயிரத்தெட்டும் அதற்காகக் காத்திருக்கின்றன.