சத்தமில்லாத பத்தி

பிப்ரவரி 20. விடைபெறும் விழா உரையில் ‘நாங்கள் எல்லோரும்’ என்று எழுதிவிட்டேன். தவறு. எல்லோரும் இல்லை.

இதை எழுதிய பிறகு அவளுக்குப் பேனா ஓடவில்லை.

திருத்த வேண்டியது உரையை. திருத்தியதோ டைரியில். எப்போதும் இப்படித்தான் செய்கிறோம் என்று தோன்றியது.

“நீ தும்முறதக்கூட டைரில எழுதிட்டுத்தான் தும்முவ” என்பாள் முனீஸ்வரி.

உரைத் தாள் வார்டன் அறையிலிருந்து திரும்பி வந்திருந்தது. மூன்றாவது பத்தியின் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

முனீஸ்வரியைப் பற்றிய பத்தி.

“ஊருக்குப் போனவளப் பத்தி இங்க என்ன பேச்சு, கண்ணு?” என்றார் வார்டன். குரலில் கோபமே இல்லை.

ஊருக்குத்தான் போனாள். ஆம்புலன்ஸில், முகம் மூடி.

மில்லில், ஓடுகிற மிஷினில் பஞ்சை எடுக்கச் சொன்னார்கள். பெல்ட் முதலில் துப்பட்டாவைப் பிடித்தது. நிறுத்த ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றும் ஷிப்ட் முடிந்து மாலை வகுப்பு நடந்தது. மில் கேன்டீனில், வழக்கமான பெஞ்சுகளில். முடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். வருகை எடுத்த டீச்சர் அந்தப் பெயரைத் தாண்டிப் போனார்.

ஏன் என்று ஒருத்தி கேட்டாள். மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. எல்லாருடைய ஹால் டிக்கெட்டும் வார்டனின் பீரோவில் இருக்கிறது. பாஸானால் மில்லுக்குத் திரும்ப வேண்டாம் என்று உரை எழுதியவள் தன் அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூக்கத்தை விரட்டிப் படித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சந்தனமாரி தாளை எட்டிப் பார்த்தாள்.

“அடிச்சத விட்டுட்டு மிச்சத்தப் படிச்சிட்டு எறங்குடி. செத்தவளா வந்து உனக்குப் பரீட்சை எழுதப் போறா?”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கேன்டீனில் கலர் காகிதம் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் மேனேஜர். பின்னால் வகுப்பு.

அவள் மைக் முன்னால் நின்றாள்.

முதல் பத்தி, மில்லுக்குள் பள்ளி வந்த கதை. இரண்டாவது, டீச்சர்கள். இரண்டையும் ஒரு சொல் பிசகாமல் படித்தாள்.

தாளைத் திருப்பினால் நன்றியுரை.

திருப்பவில்லை.

உதடுகள் மட்டும் அசைந்தன.

மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அந்தப் பெண்கள் உதட்டாலேயே பேசுவார்கள். உதட்டைப் பார்த்தே கேட்பார்கள். வகுப்பிலும் அதுவே பழகிவிட்டது. இவ்வளவு அமைதியான வகுப்பை நான் பார்த்ததில்லை என்று டீச்சர் பெருமைப்பட்டதுண்டு.

அவள் சத்தமில்லாமல் சொன்னாள்.

வரலாற்றுப் பரீட்சை. பாபர் லோடியை வென்ற இடம் எது? யாருக்கும் தெரியவில்லை. முனீஸ்வரி திரும்பிப் பார்த்து, ‘பரமக்குடி’ என்றாள். அவள் ஊர். நாம் அத்தனை பேரும் பரமக்குடி என்றே எழுதினோம். அடிக்கக் கை ஓங்கிய டீச்சரும் சிரித்துவிட்டார்.

பின்வரிசைகள் கொல்லென்று சிரித்தன.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

“என்னம்மா, மைக் போச்சா?”

அவள் நிறுத்தவில்லை.

ஓடுகிற மிஷினில் கையை விடச் சொன்னார்கள். சொன்னது யார் என்று நமக்குத் தெரியும். செத்தவள் பெயரை இங்கே சொல்லக்கூடாது என்கிறார்கள்.

உதடுகள் மூடின. குவிந்தன. விரிந்தன.

முனீஸ்வரி.

சிரிப்பு நின்றுபோயிற்று. சந்தனமாரி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மேடையோரம் வார்டன் நின்றிருந்தார். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இந்த அம்மாவும் பதினாறு வயதில் இதே மில்லில் மிஷின் முன்னால் நின்றவர். அதை எப்படி மறந்தாள்?

“ஒயருங்க சார். அடிக்கடி இப்படித்தானுங்க,” என்றார் வார்டன், மேனேஜரிடம்.

மைக்கை வந்து ஒருமுறை தட்டினார். தட்டிவிட்டு, மேனேஜருக்கு முதுகைக் காட்டி, அவள் பக்கம் திரும்பினார்.

அவர் உதடுகள் அசைந்தன. பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

பெட்டியைக் கட்டு.

அவள் தாளைத் திருப்பி நன்றியுரையைப் படித்தாள். மைக் நன்றாகவே வேலை செய்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.

விடுதிக்கு வந்ததும் டைரியை எடுத்தாள்.

பிப்ரவரி 21. உரையில் ஒரு பத்தி மைக்கில் வரவில்லை. கடைசி வரிசைக்கு என் உதடு தெரிந்ததா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம்.

நாளை: பெட்டி கட்ட வேண்டும். வார்டன் அறைக்குப் போய் ஹால் டிக்கெட் கேட்க வேண்டும். வாய்விட்டுக் கேட்க வேண்டும்.