கிளாவே நிற்கவில்லை

ஜூன் 12, வியாழன். கடலூர் சால்சா இசை மாலை வகுப்பில் இன்று ஒரு தவறு செய்தேன். டிட்டோ புவெந்தேயின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே டிம்பாலிஸ் என்ற இரட்டை முரசைப் பழகிய கார்த்திகேசன் இன்று வெளுத்து வாங்கினான். அதை ரசித்தபடி, தாளம் பிடிக்கும் என் கிளாவே குச்சிகளைத் தட்டாமல் மடியில் வைத்துவிட்டேன். சால்சாவில் யார் நின்றாலும் கிளாவே நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் கச்சேரியில் என் இடம் போனது என்றே நினைத்தேன்.

"கடைசி வரைக்கும் வுடாம தட்டுன பாரு மச்சான், அந்தத் தைரியத்துலதான் வாசிச்சேன். நம்ம ஆண்ட்ரூ தட்டுற மாதிரியே இருந்துச்சு. ஞாயித்துக்கெழமையும் நீதான்," என்றான் கார்த்திகேசன்.

குச்சிகள் ஆண்ட்ரூவுடையவை. போன வருடம் அவன் இறந்தபின் அவனுடைய அம்மா என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் வகுப்பின் பதிவைக் கேட்டேன். நான் நிறுத்திய இடத்திலும் கிளாவே கேட்கிறது. என்னுடையதைவிட நிதானமாக இருக்கிறது.

நாளை: சிதம்பரத்துக்குப் போன் செய்து, மேடையில் என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்ல வேண்டும்.