நெஞ்சில் உட்காருகிறவள்

"கையை ஆட்டாதேடா. ஆட்டினா விரலெல்லாம் அப்பிக்கும்" என்றாள் புவாலாய்.

உடோம் விரல்களை விரித்துப் பாயில் வைத்தான். நாற்று நட்டும் கதிர் அறுத்தும் காய்த்துப்போன விரல்கள். அக்கா குனிந்து ஒவ்வொரு நகத்துக்கும் ரத்தச் சிவப்பில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் தேவையாக்கா? ஊரே சிரிக்கும்."

"எந்த ஊரு சிரிக்கும்? அங்கே பாரு."

வேலிக்கு அப்பால், மாமர நிழலில் கம்லா வலை ஊஞ்சலில் படுத்திருந்தான். ஊரிலேயே பெரிய முரடன் அவன். ஊஞ்சலுக்கு வெளியே நீட்டியிருந்த கால்களில் எல்லா நகங்களும் சிவப்பாக மின்னின.

"என்ன உடோம், நகம் மட்டும்தானா? உதட்டுக்குச் சாயம் பூசலையா? என் பொண்டாட்டி பாவாடை வேணும்னா தர்றேன். இடுப்புல நிக்காது, கயிறு போட்டுக் கட்டிக்கோ!"

கத்திவிட்டு கம்லா சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவனும் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்களைப் பார்த்தாலே தெரிந்தது.

யாருக்குத்தான் பயமில்லை? அறுவடை முடிந்ததிலிருந்து ஊரில் மூன்று ஆண்கள், நோய்நொடி இல்லாதவர்கள், இரவு படுத்து காலையில் எழவில்லை. விதவைப் பேய் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றார்கள். அவளுக்கு ஆண்கள்தான் வேண்டுமாம். அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிவப்புச் சட்டை தொங்கியது. கூடவே ஓர் அட்டை: 'இந்த வீட்டில் ஆண்கள் இல்லை.' ஆண்கள் நகம் சிவக்கப் பூசிக்கொண்டு, பெண்களாகப் படுத்துக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கு அவள் வெறும் பேச்சு. உடோமின் கனவிலோ பல மாதங்களாக வந்துகொண்டிருந்தாள்.

எப்போதும் அதே கனவு. மரப்படி முனகும். பாயின் ஓரம் அமுங்கும். பிறகு நெஞ்சின் மேல் பாரம். இரண்டு உள்ளங்கைகள் விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தும். கத்துவதற்கு வாயைத் திறந்தால் குரல் இருக்காது. ஒருவழியாக விழிக்கும்போது ஆற்றின் அடியிலிருந்து மேலே வந்தவன்போல மூச்சு வாங்கும். டவுன் டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். மாத்திரை போட்டாலும் அவள் வந்தாள். அவனுக்கு விழிப்பு வரத்தான் நேரமானது.

"அவ மூஞ்சியைப் பாத்தியா இல்லையா?" என்றாள் அக்கா, அடுத்த நகத்துக்குப் போனபடி.

"இல்லக்கா. முடி மறைச்சிருக்கும்."

"யாருன்னு தெரிஞ்சா நல்லது. பேய் பிடிக்கிறவரைக் கூட்டிட்டு வந்து, பானையில அடைச்சு ஆத்துல விட்டுடலாம். திரும்பி வரவே மாட்டா."

உடோமின் விரல் துள்ளியது. பாலிஷ் சதையில் அப்பியது.

"ஆட்டாதேன்னு சொன்னேனா இல்லையா!" அதட்டிய குரல் சட்டென்று உடைந்தது. "உன் பொண்ணை நினைச்சுப் பாருடா. போன மழையில ஆத்தாளைப் பறிகொடுத்துச்சு. நீயும் ஒரு நாள் காலையில எழுந்திருக்கலைன்னா, நிங் எங்கே போவா?"

உடோம் அடுத்த கையை நீட்டினான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புவாலாய் ஓடிவந்தாள். படியேறும்போதே கூப்பிட்டாள்.

"உடோம்! டேய் உடோம்!"

பதில் இல்லை. கதவைத் தள்ளினாள்.

அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையும் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. நிங் அவன் கையைப் பிடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவை எவ்வளவு உலுக்கியும் எழுந்திருக்கலை அத்தை. குடத்துத் தண்ணியைத் தலையில ஊத்தினேன், அப்பதான் எழுந்தாரு" என்றாள் சிறுமி.

"உசுரோட இருக்கியே, அது போதும்டா சாமி!" புவாலாய் அவன் முகத்தைத் தடவினாள். "உதடு ஏன் இப்படி நீலமாக் கிடக்கு? நேத்தும் வந்தாளா?"

"வந்தா."

"நெஞ்சு மேல உக்காந்தாளா?"

"இல்லக்கா. தொடவே இல்லை. பாய் பக்கத்துல நின்னு என் கையையே பாத்தா."

"ஏமாந்துட்டா! பாலிஷ் வேலை செஞ்சிருச்சு!" புவாலாய் கையைத் தட்டினாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் தட்டல் அடங்கியது. "அப்புறம் ஏன்டா அழுவுற? அவ மூஞ்சியைப் பாத்துட்டியா?"

"முதல் தடவையே பாத்துட்டேன்கா. சொன்னா பானையில அடைச்சிடுவீங்கன்னுதான் வாயைத் திறக்கலை." அவன் மகளைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான். "வேற யாரும் இல்லை. நம்ம சான்பெங்தான்."

சோற்றுக்கூடை இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது.

"உன் பொண்டாட்டியா? செத்தும் உன்னை விடமாட்டேங்கிறாளா? தன்னோட கூட்டிட்டுப் போகவா இத்தனை நாளா வந்து அழுத்துறா?"

"நானும் அப்படித்தான்கா நினைச்சேன்." உடோம் தன் சிவந்த நகங்களைத் தரையில் அழுத்தித் தேய்த்தான். "நேத்து என்னைப் பொம்பளைன்னு நினைச்சு அவ கேட்டா: 'அக்கா, இங்கே படுத்திருப்பாரே என் வீட்டுக்காரரு, பாத்தீங்களா? தூக்கத்துல அவருக்கு மூச்சு நின்னு போயிடும், நெஞ்சை அழுத்தினாத்தான் திரும்பி வரும்.'"