கயிறு பிடிப்பவள்

"நாளைக்கு மொதல்ல நீங்க ஏறுங்கண்ணா. கீழ கயிற நான் புடிச்சிக்கிறேன்" என்றாள் மெர்லின்.

ஆஸ்வினின் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவள் தன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான். மெர்லின் அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையை அவன் கையில் வைத்தாள்.

பாறை ஏறுகிறவனின் உயிர், கீழே கயிறு பிடிப்பவளின் வலது கையில் இருக்கிறது. அவன் பாதி உயரத்தில் தொங்கும்போது அந்தக் கை திறந்துகொண்டால் போதும். திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே அவள் அந்த முடிவோடுதான் ஏறினாள்.

போன தை மாதம் இதே ஆனைப்பாறைக்குத்தான் அவள் அண்ணன் அந்தோணி பிரபுவும் ஆஸ்வினும் வந்து கூடாரம் போட்டார்கள். காலையில் அண்ணன் பாறையடியில் செத்துக் கிடந்தான். அசந்து தூங்கிவிட்டேன், எதுவும் தெரியாது என்றான் ஆஸ்வின். பாறையிலிருந்து விழுந்து சாவு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

உடலை முதலில் பார்த்தவர் சீனுவாசன். பாறையை ஒட்டிய கொல்லையில் மல்லாட்டை போடுகிறவர். அடக்கத்துக்குத் திண்டிவனம் வரை வந்தவர், மெர்லினைத் தனியாகக் கூப்பிட்டார். ராத்திரி இரண்டு பையன்களும் சண்டை போட்டுக்கொண்டே பாறை ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். என்னை உன் பெரியப்பா மாதிரி நினைத்துக்கொள், என் பேரை மட்டும் வெளியே இழுத்துவிடாதே என்றார்.

அவள் அதை நம்பக் காரணம் இருந்தது. சவப்பெட்டியில் அண்ணனின் கையில் செபமாலையைச் சுற்றும்போது, உள்ளங்கையின் குறுக்கே நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடியதைப் பார்த்தாள். கடைசி நேரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். கீழே பிடித்திருக்க வேண்டியவனின் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது அண்ணனின் முதலாண்டு நினைவுக்காக மலையேற்றக் குழுவே வந்திருந்தது. சாயங்காலம் மல்லாட்டைக் கூடையோடு வந்த சீனுவாசன், விஷயம் கேட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராத்திரியில் யாரும் கொல்லைப் பக்கம் வரவேண்டாம், பாம்பு கிடக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

நெருப்பு அணையும் நேரத்தில் குழுவில் இருந்த ஜாக்குலின் ஆஸ்வினைக் கிண்டல் செய்தாள். "முன்னெல்லாம் இடி வுழுந்தாலும் இவரு எழுந்துக்க மாட்டாரு. இப்ப எல வுழுந்தாகூட எழுந்து குந்திக்கினு கீறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கொன்றவனுக்குத் தூக்கம் எப்படி வரும் என்று மெர்லின் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் தூக்கம் வரவில்லை. ஊர் அடங்கியபின் கூடாரத்தின் ஜிப்பை இறக்கிப் பார்த்தாள். பாறைக்குக் கீழே ஒரு வெளிச்சம் தரையை ஒட்டி நகர்ந்தது. அதற்கு மேல் தலையில்லாத ஓர் உருவம் நின்று நின்று குனிந்தது.

அண்ணன்தான் வந்திருக்கிறான் என்று ஒரு கணம் நம்பினாள். நாளைக்கு முடித்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை ஏற்றாமலே இறங்கி நடந்தாள். பனியில் நனைந்த வரப்பு வழுக்கியது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத பாப்பா! கரண்ட்டு!"

உருவம் தலையில் போர்த்திய கோணியைத் தள்ளியது. சீனுவாசன். கொல்லைக்குள் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றார். அவருக்கும் அவளுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் குச்சிக்குக் குச்சி ஒரு கம்பி ஓடியது.

காட்டுப்பன்றிகள் கொல்லையையே உழுதுவிடுகின்றன, வேறு வழியில்லை என்று அவர் படபடத்தார். மெர்லின் டார்ச்சை ஏற்றிக் கம்பியின் மேல் அடித்தாள். நூல் மாதிரி மெல்லிய கம்பி. பாறை ஏறும் கயிறு சுண்டுவிரல் தடிமன் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போன வருசமும் கட்டியிருந்தீங்களா?"

"வருசா வருசம் கட்றதுதான். பன்னிக்குன்னு கட்னது பாப்பா. மனுசனுக்கா கட்டுவாங்க?"

கொல்லையில் விழுந்தவன் பாறையடிக்கு எப்படிப் போனான் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவர் தலை தொங்கிவிட்டது.

அவர் போட்ட சத்தத்தில் கூடாரம் ஒன்றில் விளக்கு எரிந்தது. மெர்லின், மெர்லின் என்று ஆஸ்வின் கூப்பிடுவது கேட்டது. ஒருமுறை தூங்கிப்போனதற்காக ஒரு வருடமாகத் தூங்காதவனின் குரல்.

சீனுவாசன் கைகூப்பினார். "வெளிய தெரிஞ்சா ஜெயிலுதான் கண்ணு. அவங்க வர்றதுக்குள்ள கம்பிய சுருட்டிடறேன். ஒனக்குப் பின்னாலதான் மோட்டார் கொட்டா. ஜல்தியா போயி சுச்ச ஆஃப் பண்ணு."

மெர்லின் கொட்டகைக்குள் போனாள். சுவிட்சுக்கு மேலே சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாளைக்குத் திறப்பதற்கென்று வைத்திருந்த வலது கையை ஒருமுறை பார்த்தாள். அதை மெல்ல மூடி ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வெளியே சீனுவாசன் கம்பிமேல் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஆஃப் பண்ணியாச்சா என்று அவசரப்படுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பண்ணிட்டேன் பெரியப்பா. புடிங்க."