கோணல் ரேசரும் வேதநாயகத்தின் தாடையும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை!

வேதநாயகத்தின் பழைய ரேசருக்குக் கம்பெனியிலேயே தலை ஒரு மயிரிழை அளவு கோணலாக அமைந்துவிட்டது. ஒருநாள் பளபளவென்று புது ரேசர் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

“என் தலை துளிகூடக் கோணாது. நீ குப்பைக்குக் கிளம்பு, பெரிசு!” என்றது.

வேதநாயகம் முகமெல்லாம் சோப்பு நுரையோடு புதுசைக் கையிலெடுத்தார். வழக்கம்போல வாயைக் கோணித் தாடையைத் திருப்பினார். சரக்! ரத்தம்.

“ஐயோ, நான் நேராத்தானே போனேன்!” என்று புதுசு அலறியது.

“நேராத்தான் போனே, தம்பி. அவருதான் இத்தனை வருஷமா எனக்காக மூஞ்சியைக் கோணிப் பழகிட்டாரு,” என்றது பழசு. அதற்குள் அவர் கை அதைத் தேடி வந்துவிட்டது.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்: ஆளில்லாத நேரத்தில் புதுசு கண்ணாடி முன்னால் நின்று தலையைக் கோணிப் பார்க்கிறதாம்.