நாலாவது வரி

பக்கத்து வீட்டு கில்பர்ட்டின் பிடில் இன்றைக்கும் அதே இடத்தில் இடறியது. எல்ஸ்பெத்துக்குப் பொறுக்கவில்லை.

"மூணு மாசமா தினம் வந்து இதே மெட்டைத்தான் வாசிக்கறீங்க. நாலாவது வரியில அந்த அபஸ்வரம் மட்டும் மாறவே இல்லையே!"

"புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?" பழைய ஸ்காட்லாந்து மெட்டுத் தொகுப்பைக் காட்டினார் கில்பர்ட்.

"எங்க வீட்டுக்காரர் உயிரா நேசிச்ச மெட்டு இது. பக்கவாதம் வந்து பேச்சில்லாமக் கிடக்கற மனுஷன் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தறீங்களே! சரியா வாசிங்க. இல்லேன்னா வராதீங்க."

கில்பர்ட் மறுபடி பிடிலின் வில்லை எடுத்தார். மறுபடியும் அதே அபஸ்வரம்.

"அது... அச்சுப் பிழைடா, கழுதை!"

கட்டிலிலிருந்து குழறலாக வந்தது குரல். எல்ஸ்பெத்தின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு அவள் கணவர் டூகல் பேசிய முதல் பேச்சு!

கில்பர்ட்டின் கண்கள் நிறைந்திருந்தன.

"அச்சுப் பிழைன்னு முப்பது வருஷமா எனக்கும் தெரியும், எல்ஸ்பெத். அதை யாராவது அப்படியே வாசிச்சா இவனால சும்மா இருக்க முடியாதுன்னும் தெரியும்."

எல்ஸ்பெத் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும். நாளைக்கும் வந்து... தப்பாவே வாசிங்க!"